ஆபீஸ் அக்காவின் நாற்பத்தொரு திருத்தங்கள்

அந்தத் திரைச்சீலைக் கடையில் அண்ணனுக்கும் தங்கைக்கும் பேச்சு நின்று ஆறு வருஷம் ஆகிறது. பேச்சு நின்றதே தவிர, கடை ஒரு நாள்கூட நிற்கவில்லை. இது எப்படி நடக்கும் என்று கேட்பீர்கள். நடு அறையில் ஆபீஸ் அக்கா என்று ஒருத்தி உட்கார்ந்திருந்தாள், அதனால் நடந்தது.

வலது பக்க அறை அண்ணன்காரனுடையது. வீடு வீடாகப் போய் ஜன்னல் அளந்து வருவதும், தைத்ததைக் கொண்டுபோய்க் கம்பி அடித்து மாட்டுவதும் அவன் பாடு. இடுப்பில் எப்போதும் அளவு டேப் தொங்கும். இடது பக்க அறை தங்கைக்காரியின் ராஜ்யம். எட்டுத் தையல் மெஷின், ஆள் படுக்கிற அளவுக்கு நீளமான வெட்டு மேசை, தைக்கிற பெண்கள், எல்லாரையும் மேய்க்க அவள். கடையைப் பிரிக்கக் கூடாது என்று அப்பா கண்ணை மூடுகிறபோது கேட்டுக்கொண்டார். அவர் சொல்லைத் தட்டவில்லை, கடையைப் பிரிக்கவில்லை. பேச்சை மட்டும் பிரித்துக்கொண்டார்கள்.

சண்டைக்குக் காரணம் ஒரு பள்ளிக்கூட மேடைத் திரை. அளந்தது அவன், வெட்டியது அவள். ஆண்டு விழா அன்று திரை தரையைத் தொடாமல் ஒன்றரை அடி மேலேயே நின்றுவிட்டது. ராஜா வேஷம் போட்ட பையன் திரைக்குப் பின்னால் ஒற்றைச் செருப்பைத் தேடி அலைந்ததை முன்வரிசையில் இருந்தவர்கள் முழுசாகப் பார்த்தார்கள். அளவு தப்பு என்றாள் தங்கைக்காரி. வெட்டு தப்பு என்றான் அண்ணன்காரன். அத்தனை பெற்றோர்களும் பார்க்க, மேடைக்குப் பக்கத்திலேயே இரண்டு பேரும் பிடித்துக்கொண்டார்கள். அன்றைக்கு முறைத்துக்கொண்டு போனதுதான்.

ஒரே கூரைக்குக் கீழே தொழில் செய்துகொண்டு பேசாமல் இருப்பது லேசுப்பட்ட காரியமா? ஒரு நாளைக்கு முப்பது நாற்பது சங்கதி இந்த அறையிலிருந்து அந்த அறைக்குப் போயாக வேண்டும். எல்லாம் அக்காவின் காலில்தான் போனது. இரண்டு அறைக்கும் நடுவில் பதினோரு எட்டு. அந்தப் பதினோரு எட்டுக்குள் அக்கா ஒரு கைவேலை செய்வாள்.

இந்தப் பக்கம் அண்ணன்காரன், "அந்தக் குருடிகிட்ட சொல்லுங்க. எட்டு மடிப்பு வைக்கச் சொன்ன இடத்துல ஆறு வெச்சிருக்கா. எண்ணத் தெரியலைன்னா விரலை மடக்கி எண்ணச் சொல்லுங்க" என்பான். அக்கா தலையாட்டிவிட்டு அந்தப் பக்கம் போய், உங்கள் அண்ணனுக்குத் தையல் ரொம்பப் பிடித்துப்போய்விட்டது, இன்னும் இரண்டு மடிப்பு சேர்த்தால் எடுப்பாக இருக்குமா என்று உங்களைக் கேட்கச் சொன்னார் என்பாள். தங்கைக்காரி குண்டூசியைப் பல்லில் கடித்தபடி, அந்தத் துரையே வந்து தைக்கட்டும், மெஷினில் எந்தப் பக்கம் நூல் கோக்கிறது என்றாவது தெரியுமா அவனுக்கு என்று பொரிவாள். திரும்பி வருகிற பதினோரு எட்டில் அது, சாயங்காலத்துக்குள் முடித்துவிடுகிறார்களாம் தம்பி, நீங்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்றார்கள் என்று ஆகிவிடும். எட்டு மெஷினும் கடகடவென்று ஓடுகிற சத்தத்தில் ஒருவர் பேசுவது மற்றவர் காதில் விழ வழியே இல்லை.

இதைப் பொய் என்று அக்கா ஒருநாளும் நினைத்ததில்லை. கசங்கிய துணியை அப்படியே கொண்டுபோய் நீட்டுவோமா, தேய்த்துத்தானே கொடுப்போம் என்பது அவள் கட்சி. தேய்த்தாள் பாருங்கள், அப்படித் தேய்த்தாள். ஆறு வருஷத்தில் அண்ணன்காரன் வெளியாட்களிடம், என் தங்கச்சி வீம்புக்காரிதான், ஆனால் மரியாதை தெரிந்தவள் என்று சொல்லித் திரிகிற அளவுக்கு ஆகிவிட்டது. தங்கைக்காரியும் லேசுப்பட்டவளா? பேசாவிட்டாலும் எங்கள் அண்ணன் தன்மையான மனுஷன் என்று தையல் பெண்களிடம் பெருமை பேசுவாள். அந்தத் தன்மையும் மரியாதையும் எந்த அடுப்பில் வெந்தது என்பது அக்காவுக்கு மட்டும் தெரியும்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வண்டிக்கு ஒரு நாள் அக்காவே பிரேக் போட வேண்டி வந்தது. அவளுக்கு ஒரே மகள், எட்டு மணி நேர ரயில் பயணத்தில் வேறு ஊரில் இருந்தாள். தலைப்பிரசவம். மாமியார் இல்லாத வீடு. மருமகன் நல்ல பையன்தான், ஆனால் விரலில் ஊசி குத்தி ஒரு சொட்டு ரத்தம் வந்தாலும் கண் இருட்டிச் சாய்கிற ரகம். பிரசவ அறை வாசலில் அவனைப் பார்த்துக்கொள்ளவே இன்னொரு ஆள் வேண்டும். அக்கா மூன்று மாத விடுப்பு கேட்டாள். பதினாறு வருஷ வேலையில் அவள் கேட்ட முதல் விடுப்பு அதுதான்.

அண்ணன்காரன் டேப்பை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தான். நீங்கள் போய்விட்டால் நான் அவளிடம் எப்படிப் பேசுவது என்றான் கடைசியில். தங்கைக்காரியும் வார்த்தை பிசகாமல் இதையேதான் கேட்டாள். நேரடியாகப் பேசிப் பார்க்கலாமே என்று அக்கா மெல்ல எடுத்துவிட்டபோது, இரண்டு பேரும் தங்கள் தங்கள் அறையில், ஒரே மாதிரி முகத்தைத் திருப்பி ஜன்னலைப் பார்த்தார்கள். ஒரு வயிற்றில் பிறந்தவர்கள் இல்லையா.

வழி சொன்னது மகள்தான். அவள் வேலை பார்த்த இடத்தில் ஒரு சாஃப்ட்வேர் வைத்திருந்தார்கள். சின்னக் கடைகளுக்கென்றே வந்தது. எல்லாம் கிளவுடில் இருக்கும், ஆளுக்கொரு போன் இருந்தால் போதும். திறந்தால் ஒரு பலகை. ஒவ்வொரு ஆர்டருக்கும் பலகையில் ஒரு அட்டை. ஜன்னல் அளவு, துணியின் போட்டோ, முடிக்கிற தேதி எல்லாம் அட்டையில் ஏறிவிடும். ஒருவர் எழுதியது அடுத்த நொடி எல்லார் போனிலும் வந்து நிற்கும்.

"பேசாமலே பேசிக்கலாம்மா. உன் கடைக்குன்னே யாரோ உட்கார்ந்து செஞ்சது மாதிரி இருக்கு" என்றாள் மகள்.

அக்கா இரண்டு அறைக்கும் நடையாய் நடந்து ஒப்பந்தம் முடித்தாள். இரண்டு வாரம் சோதனை. அந்த இரண்டு வாரமும் அக்கா சேதி தூக்கிக்கொண்டு நடக்கக் கூடாது, பலகையை வைத்தே கடை ஓட வேண்டும். ஓடினால் விடுப்பு. ஓடாவிட்டால் இல்லை. அக்கா நம்பிக்கையோடு பதினாறாம் தேதி சனிக்கிழமைக்கு ரயில் டிக்கெட்டும் எடுத்துவிட்டாள். ஒன்றை மட்டும் அவள் யோசிக்கவே இல்லை. பலகைக்குப் பதினோரு எட்டு தூரம் கிடையாது.

முதல் நாள் காலையில் முதல் அட்டை ஏறியது. ஒரு பல் டாக்டரின் கிளினிக்குக்கு எட்டு ஜன்னல். அண்ணன்காரனுக்குக் கையால் தட்டத் தெரியாது. போனை வாய்க்கு நேரே பிடித்துப் பேசினால் அதுவே எழுதிக்கொள்ளும் என்று யாரோ காட்டிக் கொடுத்திருந்தார்கள். அது உண்மையிலேயே எழுதிக்கொண்டது. எல்லாவற்றையும் எழுதிக்கொண்டது. "எட்டு ஜன்னல் ஆறு அடி உயரம் சாம்பல் நிறம் அடுத்த வாரம் வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும் அங்கே உட்கார்ந்து ஊர்க்கதை பேசினால் எப்படி முடியும் டேய் அந்த ஏணியை ஒழுங்காகப் பிடி அவளுக்கு வாய்க்கு மட்டும்தான் ஓவர்டைம்" என்று அட்டை வந்து நின்றது.

தங்கைக்காரி அதைப் படித்தாள். இன்னொரு தரம் படித்தாள். பிறகு ஒற்றை விரலால், ஒவ்வொரு எழுத்தாகக் குத்திக் குத்திப் பதில் எழுதினாள். போன தடவை நீ கொண்டுவந்த அளவில் ஜன்னலைவிடச் சுவர் பெரியதாக இருந்தது, இந்தத் தடவையாவது முழித்துக்கொண்டு அளந்தாயா, எருமை என்று அது இருந்தது.

பத்து நிமிஷத்துக்குள் அண்ணன்காரன் அக்கா மேசைக்கு முன்னால் நின்றான். முகத்தில் கோபம்கூட இல்லை, கவலைதான் இருந்தது. தங்கச்சிக்கு உடம்பு சரியில்லையா என்று விசாரித்தான். ஆறு வருஷமாக ஒரு கடுஞ்சொல் சொல்லாதவள், திடீரென்று இப்படி எழுதுகிறாளே, வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்றான். அவன் போய் உட்கார்ந்ததும் தங்கைக்காரி வந்தாள். அண்ணன் குடிக்க ஆரம்பித்துவிட்டானா என்று தாழ்ந்த குரலில் கேட்டாள். புதுசு இல்லையா, பழகினால் சரியாகிவிடும் என்று அக்கா இரண்டு பேருக்கும் சப்பைக்கட்டு கட்டி அனுப்பினாள்.

பழகப் பழகக் கொழுந்துவிட்டு எரிந்தது. இரண்டாம் நாள் முடிவதற்குள் தையல் பெண்கள் தொடர்கதை படிப்பதுபோல டீ நேரத்தில் பலகையைப் படிக்கத் தொடங்கிவிட்டார்கள். வேலை எந்த மட்டில் இருக்கிறது என்று தெரிந்துகொள்வதற்காகப் பல் டாக்டருக்கும் பலகையைப் பார்க்க அனுமதி கொடுத்திருந்தாள் அக்கா. அவர் போன் செய்து, ஜன்னல் திரை எப்போது வரும் என்று புரியவில்லை, ஆனால் படிப்பதை விடவும் முடியவில்லை என்றார். நோயாளி வாயைத் திறந்துகொண்டு காத்திருக்கிறார், நான் உங்கள் பலகையைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறேன் என்று வேறு சொன்னார்.

மூன்றாம் நாள் காலையில் அக்கா அந்தப் பொத்தானைக் கண்டுபிடித்தாள். அட்டையில் யார் எழுதியதையும் யார் வேண்டுமானாலும் திருத்தலாம். ஆகா, இது போதுமே என்று அவளுக்கு உயிர் வந்தது.

அதற்குப் பிறகு அக்காவின் பிழைப்பு நாய்ப் பிழைப்பானது. முன்பு ஒரு வசவைத் தேய்த்து மடிக்கப் பதினோரு எட்டு அவகாசம் இருந்தது. இப்போது போன் டிங் என்றதும் பாய வேண்டும், மற்றவர் திறந்து பார்ப்பதற்குள் எருமையை அண்ணனாக்க வேண்டும், குருடியைத் தங்கச்சியாக்க வேண்டும், சுற்றிலும் நாலு நல்ல வார்த்தை போட வேண்டும். கையில் டீயை வைத்துக்கொண்டு திருத்தினாள். பஸ்ஸில் நின்றுகொண்டு திருத்தினாள். குளியலறையில் தலைக்குச் சோப்பு போட்ட கோலத்தில் ஒரு கண்ணை மட்டும் திறந்து திருத்தினாள். மகளோடு பேசிக்கொண்டிருக்கும்போதே நடுவில் இரண்டு தரம் மறைந்து போனாள். மகளுக்கு விஷயம் புரிந்து போயிற்று. எனக்கு வலி எடுக்கும்போதும் வாசலில் நின்று இதைத்தான் செய்யப் போகிறாயா என்று கேட்டுவிட்டு அழுதாள். அக்காவுக்கு அன்றைக்கு முழுக்க மனசே சரியில்லை. ஆனாலும் என்ன செய்ய? பதினாறாம் தேதி வரை தாக்குப்பிடித்தால் போதும், ரயில் ஏறிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று மனசைத் தேற்றிக்கொண்டாள்.

அதிலும் ஒரு ஓட்டை இருந்தது. ஒருவர் எழுதியவுடன் அதன் முதல் வரி மற்றவர் போனின் மேல்பக்கத்தில் பளிச்சென்று ஒரு தரம் எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். அக்கா திருத்துவது உள்ளே இருக்கிற அட்டையை. எட்டிப் பார்த்ததை அவளால் பிடிக்க முடியாது. ஆக, அண்ணன்காரன் போனில் "இந்த எருமைக்கு எத்தனை தரம்" என்று ஒன்று எட்டிப் பார்க்கும். கொதித்துப்போய்த் திறந்தால், "அண்ணனின் கவனத்துக்கு அன்புடன்" என்று இருக்கும். தங்கைக்காரிக்கும் அதே கதை. "வெட்டத் தெரியாத கழு" என்று எட்டிப் பார்த்தது, திறந்ததும் "வெட்டு மிகவும் நேர்த்தி, நன்றி" என்று சிரித்தது.

இரண்டு பேரும் தனித்தனியாக, ஒரே முடிவுக்கு வந்தார்கள். சாஃப்ட்வேர் கெட்டுப் போயிருக்கிறது. தங்கமான மனுஷர்கள் எழுதுகிற தங்கமான வார்த்தைகளை அது வழியில் எங்கேயோ கெடுத்து, வசவாக்கி எட்டிப் பார்க்க வைக்கிறது. முதல் இரண்டு நாள் உள்ளேயும் வசவாகவே வந்ததையும் அந்தக் கோளாறின் கணக்கிலேயே எழுதிக்கொண்டார்கள். உள்ளே திறந்தால் இருப்பதுதான் அசல். ஆறு வருஷமாக அக்கா வாயால் கேட்ட பேச்சும் அப்படித்தானே இருந்தது? தாங்கள் எழுதியதும் அதே மாதிரி வசவுதான் என்பது இரண்டு பேருக்கும் தோன்றவே இல்லை. தன் வசவு யாருக்குத்தான் வசவாகத் தெரிகிறது?

பதினான்காம் தேதி, வியாழக்கிழமை, மத்தியானம். அண்ணன்காரன் நடு அறைக்கு வந்து, அக்கா மேசைமேல் போனை வைத்து, ஸ்பீக்கரைப் போட்டு, சாஃப்ட்வேர் கம்பெனியின் உதவி எண்ணைக் கூப்பிட்டான். உங்கள் சரக்கு என் தங்கச்சியின் மரியாதையைத் தின்றுவிடுகிறது என்று புகாரை ஆரம்பித்தான். நியாயம் கேட்கிற குரல் தன் பக்கத்து நியாயமாகவும் இருக்கவே, தங்கைக்காரியும் வாசலுக்கு வந்து நின்றாள். தையல் பெண்கள் எல்லாரும் மெஷினை நிறுத்திவிட்டார்கள். நடுவில் அக்கா. ஓடவும் முடியாது, ஒளியவும் முடியாது.

அந்தப் பக்கம் பேசிய பெண் தேன் போலப் பேசினாள். சிரமத்துக்கு மன்னிக்கவும், உங்கள் அனுமதியோடு நான் பலகையைப் பார்க்கிறேன் என்றாள். கோளாறு எதுவும் இல்லை சார், அட்டைகள் திருத்தப்பட்டிருக்கின்றன, அவ்வளவுதான் என்றாள். யார், எப்போது, எதை, எப்படித் திருத்தினார்கள் என்பதெல்லாம் எங்களிடம் பத்திரமாக இருக்கும், ஒரு எழுத்துகூடத் தொலையாது என்று பெருமையாகவும் சொன்னாள்.

"மொத்தம் நாற்பத்தொரு திருத்தம் இருக்கு சார். வாசிக்கட்டுமா?"

வாசியுங்கள் என்றான் அண்ணன்காரன்.

அவள் வாசித்தாள். விமானம் புறப்படும் நேரத்தை அறிவிக்கிற அதே பணிவில் வாசித்தாள். முதலாவது திருத்தம். "இந்த எருமைக்கு எத்தனை தரம் சொல்வது" என்பது "அண்ணனின் கவனத்துக்கு அன்புடன்" என மாற்றப்பட்டுள்ளது. மாற்றியவர் ஆபீஸ் அக்கா. இரண்டாவது திருத்தம். "வெட்டத் தெரியாத கழுதை" என்பது "வெட்டு மிகவும் நேர்த்தி, நன்றி" என மாற்றப்பட்டுள்ளது. மாற்றியவர் ஆபீஸ் அக்கா. மூன்றாவது, "வாயைத் தைக்க நூல் இருக்கிறதா" என்பது "நூல் இருப்பு போதுமா" என மாற்றப்பட்டுள்ளது. ஒரு தையல் பெண்ணுக்குச் சிரிப்பை அடக்க முடியாமல் புரையேறிவிட்டது. ஒன்பதாவது திருத்தத்தில் அண்ணன்காரன் போதும் என்று போனை அணைத்தான்.

அவன் தங்கைக்காரி பக்கம் திரும்பினான்.

"எருமைன்னா எழுதின?" என்றான் அண்ணன்காரன்.

"நீ மட்டும் என்ன எழுதினியாம்? கழுதை. என் வாயைத் தைக்க நூல் வேற வேணுமா உனக்கு?" என்றாள் தங்கைக்காரி.

ஆறு வருஷத்தில் அவர்கள் நேருக்கு நேர் பேசிக்கொண்ட முதல் பேச்சு இதுதான். பேசியவர்களுக்கு அது உறைக்கவே இல்லை. அக்காவுக்கு உறைத்தது. மெல்ல எழுந்து நழுவப் பார்த்தாள். அதற்குள் தங்கைக்காரிக்கு இன்னொன்று உறைத்துவிட்டது.

"அப்போ ஆறு வருஷமா நீங்க வந்து சொன்னதெல்லாம்?" என்று அக்காவைப் பார்த்தாள்.

குட்டு உடைந்த பிறகு எதை மறைப்பது? அக்கா எல்லாவற்றையும் சொன்னாள். அழவில்லை, கெஞ்சவில்லை. நீங்கள் சொன்னதை அப்படியே கொண்டுபோய்ச் சொல்லியிருந்தால் முதல் மாசமே கடையை மூடியிருப்பீர்கள், அதனால் தேய்த்துக் கொடுத்தேன், அவ்வளவுதான் என்றாள். சொல்லி முடித்துவிட்டுப் பார்த்தால் இரண்டு பேரும் அவள் பேச்சைக் கேட்கவே இல்லை. ஒருவர் மேல் ஒருவர் பாய்ந்துகொண்டிருந்தார்கள். அந்த ஒரு மணி நேரத்தில் எதுவும் மிச்சம் வைக்கவில்லை. பள்ளிக்கூடத் திரை வந்தது, ஒன்றரை அடி வந்தது, சின்ன வயசில் எவனோ உடைத்த பென்சில் பெட்டி வந்தது. அளவுதான் தப்பு, இல்லை வெட்டுதான் தப்பு என்று இரண்டு பேரும் விட்ட இடத்திலிருந்தே பிடித்தார்கள். தொண்டை கட்டிப்போன பிறகுதான் ஓய்ந்தார்கள்.

"நீங்க ஊருக்குப் போங்க. பதினாறாம் தேதி போங்க" என்றான் அண்ணன்காரன், அக்காவைப் பார்க்காமல். "இனிமே எங்களுக்கு நடுவுல ஆள் வேண்டாம்."

தங்கைக்காரியும் தன் அறைக்குத் திரும்பிவிட்டாள். விடுப்பு கிடைத்துவிட்டது. ஆனால் அது விடுப்பா, வீட்டுக்கு அனுப்புகிற பேச்சா என்று அக்காவுக்குத் தெரியவில்லை. கேட்கவும் தைரியம் வரவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை, கடையில் ஒருவரும் அவளைக் கூப்பிடவில்லை. அண்ணன்காரன் தன் அறையிலிருந்து கத்தினான், தங்கைக்காரி மெஷின் சத்தத்துக்கு மேலே குரலை எழுப்பித் திருப்பிக் கத்தினாள். கத்திக் கத்தியே பல் டாக்டரின் எட்டு ஜன்னல் திரையும் மாலைக்குள் ஏறிவிட்டன, அளவும் சரியாக இருந்தது. பலகையில் அளவும் தேதியும் மட்டும் ஒழுங்காக ஏறின. அதில் வசவு எழுத வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை, வசவெல்லாம் வாயால் போய்க்கொண்டிருந்தது. அக்கா மேசையை நாலு தரம் துடைத்தாள். சாவிகளுக்குச் சீட்டு எழுதி ஒட்டினாள். பதினாறு வருஷம் உழைத்த இடத்தில் ஒரே நாளில் வேண்டாத பொருளாகிவிட்டோமே என்று மருகினாள். மகளிடம் போனில் வருகிறேன் என்று மட்டும் சொன்னாள், மிச்சத்தைச் சொல்லவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சாவிக்கொத்தை மேசையில் வைக்கும்போது அண்ணன்காரன் வந்து நின்றான். டேப்பை ஓரடி இழுத்தான், விட்டான். மறுபடி இழுத்தான்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அவன் ஏணியிலிருந்து விழுந்து இடுப்பெலும்பு உடைந்து இரண்டு மாசம் படுக்கையில் கிடந்தான். அதைப் பற்றித்தான் பேச்சை எடுத்தான். அப்போது ஒரு நாள் அக்கா வந்து தங்கச்சி சொன்னதாக ஒன்று சொன்னாளாம். கடை எங்கேயும் ஓடிப்போகாது, நீ எழுந்து நட, எனக்கு அது போதும் என்று. அதை நினைத்துக்கொண்டேதான் அந்த இரண்டு மாசத்தையும் ஓட்டினேன் என்றான்.

"மத்ததெல்லாம் போகட்டும்கா. அது ஒண்ணை மட்டும் நிஜமாச் சொல்லுங்க. அது அவ சொன்னதா, நீங்க தேய்ச்சதா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. அக்காவின் நாக்கு பழக்கதோஷத்தில் அதற்குத் தயாராகவும் நின்றது. ஆனால் அவன் முகத்தைப் பார்த்ததும் அவளால் முடியவில்லை.

"அவங்க அப்படிச் சொல்லல தம்பி. அது நான் சேர்த்தது."

அண்ணன்காரன் தலையை ஆட்டினான். தெரிந்ததுதான் என்பதுபோல டேப்பை இடுப்பில் மாட்டிக்கொண்டு திரும்பினான்.

"அவங்க சொன்னது வேற" என்றாள் அக்கா. "'ஏணியில ஏறத் தெரியாத தடியன் எதுக்கு ஏறினான், அவன் செத்துத் தொலைஞ்சிருந்தா நான் யார்கூடச் சண்டை போடுறது'ன்னு கேட்டாங்க. கேட்டுட்டு அந்த வெட்டு மேசையில தலையை வெச்சு அழுதாங்க. எங்க யாராலயும் அவங்களை எழுப்ப முடியல. அழுததை உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டாங்க. சொல்லாம இருக்கவும் முடியல, அதான் அப்படி ஒண்ணைச் செஞ்சு கொண்டுவந்தேன்."

அண்ணன்காரன் திரும்பி வந்தான்.

"யார்கூடச் சண்டை போடுறதுன்னா கேட்டா?"

"ஆமா தம்பி."

அவன் அக்காவைத் தாண்டி நடந்தான். ஆறு வருஷமாக அவன் கால் வைக்காத தையல் அறைக்குள் நேராகப் போனான். ஒவ்வொரு மெஷினாக நின்றது. உள்ளே அவன் என்ன கேட்டான் என்பது அக்காவுக்குக் கேட்கவில்லை. பிறகு யாரோ மூக்கை உறிஞ்சுவது கேட்டது. பிறகு தங்கைக்காரி, கண்ணும் மூக்கும் சிவந்து, கத்தரிக்கோலைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நடு அறைக்குப் பாய்ந்து வந்தாள்.

"சத்தியம் பண்ணிட்டு இப்போ வந்து போட்டுக் கொடுத்துட்டீங்களா? பொய்க்காரி. உங்களை நம்பினேன் பாருங்க, என்னைச் சொல்லணும். மூணு மாசம்தான் சொல்லிட்டேன். அதுக்கு மேல ஒரு நாள் ஆச்சு, நானே அந்த ஊருக்கு வந்து இழுத்துட்டு வருவேன். பிள்ளை பிறந்ததும் முதல் போன் எனக்குத்தான் வரணும்."

"எனக்குத்தான்" என்று உள்ளேயிருந்து அண்ணன்காரன் குரல் கொடுத்தான்.

"நீ சும்மா இரு. ஏணியில நிக்கத் தெரியாதவனுக்கெல்லாம் போன் ஒரு கேடா?"

"ஏணி பழசு, அதான் விழுந்தேன். புதுசு வாங்கணும்னு ஆறு தரம் சொல்லி அனுப்பினேன்."

"எங்கிட்ட யாரும் சொல்லலையே."

இரண்டு பேரும் பேச்சை நிறுத்திவிட்டு மெதுவாக அக்கா பக்கம் திரும்பினார்கள். அக்கா அதற்குள் பாதிப் படி இறங்கிவிட்டாள். தெருவில் ஒரு வண்டியை நிறுத்தி, கண்ணைத் துடைத்துக்கொண்டு, சிரிப்பும் அடங்காமல், ரயில் நிலையம் போக வேண்டும் என்றாள்.